மஞ்சள் இல்லம் எப்படி வென்றது? மெய்வல்லுநரில் அணிப் போட்டி என்றால் என்ன

சுகததாச விளையாட்டரங்கின் சீமெந்துப் படிகளில் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால், பத்து மணிக்கெல்லாம் எந்தப் பக்கம் நிழல் விழும் என்று தேடத் தொடங்கிவிடுவீர்கள். கொழும்பில் பல பாடசாலைகளுக்கு 400 மீற்றர் ஓடுபாதை போடுகிற அளவுக்குச் சொந்த நிலம் இல்லை. மகளின் பாடசாலையும் வருடத்துக்கு ஒரு நாள் அந்த அரங்கை எடுத்துத்தான் இல்ல மெய்வல்லுநர் போட்டியை நடத்துகிறது. இந்த வருடம் ஓட்டங்களில் பச்சை இல்லத்தைப் பிடிக்க ஆள் இல்லை. 100 மீற்றர், 200 மீற்றர், அஞ்சலோட்டம் எல்லாம் பச்சை. பச்சை ரீசேர்ட் போட்ட பெற்றோர் மத்தியானமே வெற்றிக் கேக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மாலை நாலரைக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: சம்பியன், மஞ்சள் இல்லம்.

மகள் மஞ்சள். துள்ளிக் குதித்தாள், தோழிகளைக் கட்டிப்பிடித்தாள், தொண்டை கட்டும் வரை கத்தினாள். வெள்ளவத்தைக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் அவளுக்குக் கணக்கு இடித்தது.

"அப்பா, நாங்கள் ஃபெர்ஸ்ட் வந்தது ஆறு. பச்சை பதினொண்டு. பிறகு எப்பிடி நாங்கள் சம்பியன்?"

"ரெண்டாவது, மூண்டாவது, நாலாவது எத்தினை எண்டு எண்ணினனீயோ?"

எண்ணவில்லை. நிகழ்ச்சி நிரல் புத்தகத்தின் ஓரத்தில் நான் குறித்து வைத்திருந்ததைப் பார்த்து அவளே கூட்டினாள். அவர்கள் பாடசாலையில் முதலாம் இடத்துக்கு 5 புள்ளி, அடுத்தடுத்து 3, 2, 1. பச்சை இல்லம் ஓட்டத்தில் அள்ளிக்கொண்டு போனது உண்மைதான். ஆனால் குண்டு போடுதலிலும் உயரம் பாய்தலிலும் சில வயதுப் பிரிவுகளில் பச்சைக்கு ஆளே இல்லை. மஞ்சள் எல்லாவற்றுக்கும் யாரையாவது அனுப்பியிருந்தது. பம்பலப்பிட்டிச் சந்தி வருவதற்குள் கணக்குச் சரியாக வந்துவிட்டது. அப்போது அடுத்த கேள்வி வந்தது: "உலகத்திலயும் இப்பிடி இல்லம் இல்லமா ஓடுவினமோ?"

ஓடுவார்கள். நாடு நாடாகவும் ஓடியிருக்கிறார்கள், கண்டம் கண்டமாகவும் ஓடியிருக்கிறார்கள். ஒலிம்பிக்கை மட்டும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது தெரியாமல் இருப்பதில் ஆச்சரியமில்லை. ஒலிம்பிக் மெய்வல்லுநரில் அணிப் புள்ளி என்று ஒன்றே கிடையாது. மூன்று பேருக்குப் பதக்கம், மிச்சப் பேருக்குக் கைதட்டல். நாடுகளை வரிசைப்படுத்தும் பதக்கப் பட்டியலை நாமெல்லாம் காலையில் எழுந்ததும் பார்க்கிறோம். ஆனால் அதில் நாலாவதாக வந்தவரும் நாற்பதாவதாக வந்தவரும் ஒன்றுதான். 1991இலும் 2006இலும் தெற்காசிய விளையாட்டுப் போட்டி கொழும்பிலேயே நடந்தது. அங்கேயும் பதக்கம்தான் கணக்கு.

அணிப் போட்டியில் கணக்கு வேறு. எட்டு நாடுகள் வந்திருக்கின்றன என்று வையுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒவ்வொரு நாடும் ஒரே ஒருவரை இறக்கும். முதலாவது வந்தால் 8 புள்ளி, இரண்டாவதுக்கு 7, இப்படியே இறங்கி எட்டாவதுக்கு 1. ஓட்டமோ பாய்தலோ எறிதலோ, எல்லாவற்றுக்கும் இதே அளவு. கடைசியில் கூட்டினால் எந்த நாட்டிடம் அதிகமோ அது சம்பியன்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மூன்றே நிகழ்ச்சிகள். ஒரு நாட்டில் இரண்டு பெரிய நட்சத்திரங்கள் இருக்கிறார்கள். இரண்டிலும் முதலிடம், 16 புள்ளி. மூன்றாவது நிகழ்ச்சிக்கு அவர்களிடம் ஆள் இல்லை, 0. இன்னொரு நாட்டில் நட்சத்திரம் என்று சொல்ல யாரும் இல்லை. மூன்றாவது, மூன்றாவது, நாலாவது. அதாவது 6, 6, 5. கூட்டினால் 17. இரண்டு முறை தேசியகீதம் பாட வேண்டிய நாடு, ஒரு தடவைகூட மேடையின் உச்சிக்கு ஏறாத நாட்டிடம் தோற்றுவிட்டது.

இதில் கவனிக்க ஒரு நுணுக்கம் இருக்கிறது. 8, 7, 6 என்று ஒவ்வொரு படியும் ஒரே உயரம். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம் 1 புள்ளி. ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் உள்ள வித்தியாசமும் அதே 1 புள்ளி. மகளின் பாடசாலையில் அப்படி இல்லை. அங்கே முதலாவது வந்தவருக்கு இரண்டாவதைவிட 2 புள்ளி கூட. வெற்றிக்குக் கொஞ்சம் தனி மரியாதை. படிகளை எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதில்தான் எந்த மாதிரி அணி வெல்லும் என்பது இருக்கிறது. சமமான படி என்றால் ஓட்டை இல்லாத அணிக்கு ஆதாயம். உச்சிப்படி உயரம் என்றால் நட்சத்திரங்கள் உள்ள அணிக்கு.

எட்டு நாடுகள் என்பதும் சும்மா வந்த எண் இல்லை. ஓடுபாதையில் எட்டுத் தடங்கள். நாட்டுக்கு ஒருவர் என்றால் தகுதிச் சுற்று, அரையிறுதி ஒன்றும் வேண்டாம். எட்டுப் பேரும் நேரே இறுதிப் போட்டிதான். ஒலிம்பிக்கில் பத்து நாள் இழுக்கிற மெய்வல்லுநரை இரண்டு மூன்று நாளுக்குள் சுருட்டிவிடலாம்.

இந்த யோசனையை ஐரோப்பாவில் ஒரு நிரந்தரப் போட்டியாக்கியவர் என்று இத்தாலியரான புரூனோ ஸவுலியைச் சொல்வார்கள். சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனத்தின் ஐரோப்பியக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். பாவம், போட்டி தொடங்குவதற்கு முன்பே 1963இல் இறந்துவிட்டார். ஐரோப்பியக் கிண்ணத்தின் முதல் இறுதிப் போட்டி 1965இல் நடந்தது. ஆண்களுக்கு ஸ்டுட்கார்ட்டிலும் பெண்களுக்குக் காசலிலும், தனித்தனிக் கிண்ணம். ஆண்களில் ஆறு நாடுகள். சோவியத் யூனியன் 86, மேற்கு ஜெர்மனி 85.

ஒரே ஒரு புள்ளி. இரண்டு நாள், இருபது நிகழ்ச்சி, கடைசியில் வித்தியாசம் ஒரு புள்ளி. எங்கேயோ ஒரு மேற்கு ஜெர்மனியர் ஒரு சென்ரிமீற்றர் கூடப் பாய்ந்திருந்தால், அல்லது கடைசி வளைவில் ஒருவரைக் கூடத் தாண்டியிருந்தால்? இந்த மாதிரிக் கேள்விதான் அணிப் போட்டியின் ருசி. போட்டி முடிந்த பிறகும் சாப்பாட்டு மேசையில் அது முடியாது.

பனிப்போர்க் காலம் வேறு. அணிப் புள்ளி என்பது அந்தக் காலத்தில் விளையாட்டுக் கணக்கு மட்டுமாக இருக்கவில்லை. அதற்கு நல்ல உதாரணம் 1958இல் மொஸ்கோவில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் நேருக்கு நேர் மோதிய போட்டி. ஆண்கள் பிரிவில் அமெரிக்கா 126, சோவியத் 109. பெண்கள் பிரிவில் சோவியத் 63, அமெரிக்கா 44. யார் வென்றது? அமெரிக்கர்கள் ஆண்கள் போட்டி வேறு, பெண்கள் போட்டி வேறு என்றார்கள். தங்கள் ஆண்கள் வென்றதைப் பெரிதாகச் சொன்னார்கள். சோவியத் தரப்பு இரண்டையும் கூட்டியது: 172க்கு 170, வெற்றி எங்களுக்கு. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரே இலக்கங்களை வைத்துக்கொண்டு இரண்டு நாடுகளும் வென்று வீடு போய்ச் சேர்ந்தன.

என்னைக் கேட்டால் கூட்டியவர்கள் பக்கம்தான் நியாயம். இல்லப் போட்டியில் ஆண் பிள்ளைகளின் புள்ளியை ஒரு சம்பியனுக்கும் பெண் பிள்ளைகளின் புள்ளியை இன்னொரு சம்பியனுக்கும் என்று நாங்கள் பிரிப்பதில்லையே. ஆனால் ஐரோப்பியக் கிண்ணம் அந்த இடத்துக்கு வர 2009 ஆகிவிட்டது. அந்த வருடம் போர்த்துக்கலின் லெய்ரியாவில் அது ஐரோப்பிய அணிச் சம்பியன்ஷிப் என்ற புதுப் பெயரோடு வந்தது. ஆண்கள் 20 நிகழ்ச்சி, பெண்கள் 20 நிகழ்ச்சி, எல்லாம் ஒரே பானையில். உச்சப் பிரிவில் 12 நாடுகள்; முதலிடத்துக்கு 12, கடைசி இடத்துக்கு 1. முதல் சம்பியன் ஜெர்மனி.

பார்வையாளரைப் பிடித்து வைக்க வேண்டும் என்ற ஆசையில் அந்த வருடம் சில விசித்திரச் சட்டங்களையும் கொண்டுவந்தார்கள். நெடுந்தூர ஓட்டங்களில் குறிப்பிட்ட சுற்றுகளில் கடைசியாக வருபவரை வெளியேற்றுவது அதில் ஒன்று. 5000 மீற்றர் ஓடுகிறவர் ஒரே வேகத்தில் நிதானமாகப் பின்னால் வந்து கடைசியில் பாய்ந்து முந்தலாம் என்று கணக்குப் போட்டிருப்பார்; நடுவில் திடீரென்று 'நீங்கள் போகலாம்' என்றால் என்ன செய்வார்? சங்கீதக் கதிரையை ஒலிம்பிக் வீரர்களை வைத்து விளையாடியது போல இருந்தது. பிறகு கைவிட்டார்கள். நல்லது.

12 நாடுகள் என்றால் எட்டுத் தடங்களில் எப்படி ஓடுவது என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு ஓட்டமாகப் பிரிப்பார்கள். இரண்டிலும் ஓடிய நேரங்களை ஒரே பட்டியலாக அடுக்கி இடம் கொடுப்பார்கள். இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. பலவீனமானவர்கள் ஓடும் ஓட்டத்தில் விழுந்தவருக்கு இழுத்துக்கொண்டு போக முன்னால் ஆள் இல்லை, எதிர்க்காற்று வேறு வீசித் தொலைக்கும். மற்ற ஓட்டத்தில் அதே நேரம் காற்று ஓய்ந்திருக்கும். ஆனால் இரண்டு பேருடைய நேரத்தையும் ஒரே தராசில்தான் போடுவார்கள்.

நாடுகள் பல பிரிவுகளாக இருக்கும். மேல் பிரிவில் கடைசியாக வந்தவர்கள் அடுத்த முறை கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். கீழ்ப் பிரிவில் வென்றவர்கள் மேலே ஏறுவார்கள். ஆங்கிலேய உதைபந்தாட்ட லீக் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே பட்டியலின் அடியில் நடக்கிற சண்டைதான் சில வருடங்களில் உச்சியில் நடப்பதைவிடச் சூடாக இருக்கும். மெய்வல்லுநரிலும் அதே கதை. அதற்கு நான் எல்லாருக்கும் சொல்லும் சம்பவம் ஒன்று இருக்கிறது. மகளுக்கும் அன்றிரவு அதைத்தான் கைபேசியில் காட்டினேன்.

2023 ஜூன், போலந்தின் சிலேசிய அரங்கு. இப்போது மேல் பிரிவில் 16 நாடுகள், முதலிடத்துக்கு 16 புள்ளி. பெல்ஜியம் அடியில் தத்தளித்துக்கொண்டிருந்தது. பெண்கள் 100 மீற்றர் சட்டவேலி ஓட்டத்துக்கு அவர்களிடம் ஓட ஆள் இல்லாமல் போய்விட்டது, இருந்தவர்களுக்குக் காயம். ஒருவரும் ஓடாவிட்டால் அந்த நிகழ்ச்சியில் பெல்ஜியத்துக்கு ஒன்றும் இல்லை. அப்போது கை உயர்த்தியவர் யோலியன் பூம்க்வோ. அவர் குண்டு போடுபவர். சட்டவேலிக்காரி இல்லை, ஓட்டக்காரியே இல்லை.

பெண்கள் சட்டவேலி 83.8 சென்ரிமீற்றர் உயரம், மொத்தம் பத்து. தேர்ந்தவர்கள் அதைத் தாண்டுகிறார்கள் என்றே தெரியாத மாதிரி ஓடிக்கொண்டே கடப்பார்கள். துவக்குச் சத்தம் கேட்டதும் மற்றவர்கள் பறந்தார்கள். பூம்க்வோ ஒவ்வொரு வேலிக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்து, காலைத் தூக்கி, வயல் வரம்பில் முள்வேலி கடக்கிற மாதிரிப் பக்குவமாகக் கடந்தார். சிரித்துக்கொண்டே கடந்தார். ஒரு வேலியையும் தட்டவில்லை. 32.81 செக்கன், அந்த ஓட்டத்தில் வென்றவருக்கு 19 செக்கனுக்கும் மேல் பின்னால். எல்லைக்கோட்டில் மற்றப் பெண்கள் அவருக்காகக் காத்து நின்று கட்டிக்கொண்டார்கள். பெல்ஜியத்துக்கு 2 புள்ளி.

அந்த 2 புள்ளி கடைசியில் காப்பாற்றவில்லை. பெல்ஜியம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. இதைச் சொன்னதும் மகளின் முகம் வாடிவிட்டது. அவள் எதிர்பார்த்தது வேறு முடிவு. எனக்கென்னவோ அவர்கள் தப்பியிருந்தால் இந்தக் கதை இவ்வளவு ஒட்டியிருக்காது என்று தோன்றுகிறது. ஓடும்போது அந்தப் புள்ளி உதவுமா உதவாதா என்று யாருக்கும் தெரியாது. சும்மா இருந்தால் நிச்சயம் உதவாது. அணிக் கணக்கு ஒரு மனிதரை எப்படி நடக்க வைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சியை நான் பார்த்ததில்லை. ஒலிம்பிக்கில் இப்படி ஒன்று நடக்கவே நடக்காது, அங்கே அதற்கு அவசியமே இல்லை.

இனி ஓர் அணிப் போட்டியை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். முதலில், சாதனை நேரங்களை மறந்துவிடுங்கள். 1500 மீற்றரில் எல்லாரும் திருவிழாவுக்குப் போகிற மாதிரி முதல் இரண்டு சுற்றை ஓடினால் அலுத்துக்கொள்ள வேண்டாம். நேரத்துக்குப் புள்ளி இல்லை, இடத்துக்குத்தான். கடைசி 300 மீற்றரில் திடீரென்று எல்லாரும் பாய்வார்கள். அப்போது முன்னால் போகிறவரை விட்டுவிட்டு ஐந்தாவது, ஆறாவதைப் பாருங்கள். கமராக்காரர்கள் காட்டமாட்டார்கள், அது அவர்கள் குற்றம். அங்கே ஒருவர் ஒருவரைத் தாண்டும்போது ஓர் அணிக்கு ஒன்று கூடுகிறது, இன்னோர் அணிக்கு ஒன்று குறைகிறது. அந்த இரண்டு அணியும் சம்பியனுக்குப் போட்டியிடுகிற அணிகள் என்றால் இடைவெளி ஒரே அடியில் இரண்டு மாறிவிடும்.

எறிதல்காரர்களின் முதல் எறிதலைப் பாருங்கள். தனிப் போட்டியில் ஒருவர் முதல் முறையே முழுப் பலத்தையும் போட்டு, வட்டத்துக்கு வெளியே காலை வைத்தாலும் அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம். அணிப் போட்டியில் எல்லாமே தவறினால் அவருக்குப் பூச்சியம், அணிக்கும் பூச்சியம். ஆகவே முதல் எறிதலை 'எப்படியாவது ஒரு தூரம் பதிவாகட்டும்' என்று எறிவார்கள். அது விழுந்த பிறகுதான் முகத்தில் இரத்தம் ஓடும். கோலூன்றிப் பாய்தலில் இன்னும் மோசம். தொடக்க உயரத்தை அகலக்கால் வைத்துக் கூடுதலாகத் தெரிவு செய்து மூன்று தடவையும் தட்டிவிட்டால் அவ்வளவுதான். அதனால் தனிப் போட்டியில் சிரித்தபடி விட்டுவிடுகிற சின்ன உயரத்திலேயே தொடங்குவார்கள்.

அஞ்சலோட்டத்தில் கோல் கைமாறும் இடம் தெரிந்ததே. இரண்டாம் நாள் மாலையில், அணிகள் ஒட்டி நிற்கும்போது, வேகமாகக் கொடுப்பதா பத்திரமாகக் கொடுப்பதா என்று பயிற்சியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். கோல் கீழே விழுந்து ஓட்டத்தை முடிக்காமல் போனால் முழுப் புள்ளியும் போய்விடும். பத்திரமாகக் கொடுத்து நாலாவதாக வருவது சில வேளை புத்திசாலித்தனம். ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் கலப்பு 4x400 மீற்றர் அஞ்சலோட்டமும் இப்போது வந்துவிட்டது.

இரண்டு பேர் ஒரே உயரம் பாய்ந்து பிரிக்க முடியாமல் சமப்பட்டால், இரண்டு இடத்தின் புள்ளியையும் கூட்டிப் பாதி பாதி கொடுப்பார்கள். 7ம் 6ம் என்றால் ஆளுக்கு 6.5. பட்டியலில் அரைப் புள்ளி வந்தால் அச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள்.

நாடுகளோடு நின்றிருந்தால் நல்லது. உலகம் முழுவதையும் இதற்குள் கொண்டுவர வேண்டும் என்று 1977இல் டுசல்டோர்ஃபில் உலகக் கிண்ணத்தைத் தொடங்கினார்கள். மறுபடியும் எட்டு அணிகள்: ஆபிரிக்கா, அமெரிக்காக் கண்டம், ஆசியா, ஐரோப்பா, ஓசியானியா என்று ஐந்து கண்டங்கள், தனியாக ஐக்கிய அமெரிக்கா, ஐரோப்பியக் கிண்ணத்தில் முதல் இரண்டு இடம் பெற்ற நாடுகள். அப்படியென்றால் 'ஐரோப்பா' என்ற அணியில் ஐரோப்பாவின் மிகச் சிறந்த இரண்டு நாட்டுக்காரர்கள் இருக்கமாட்டார்கள்! முதல் வருடம் ஆண்கள் கிண்ணத்தைக் கிழக்கு ஜெர்மனி என்ற ஒரு சின்ன நாடு கண்டங்களைத் தோற்கடித்துத் தூக்கிக்கொண்டு போனது. அந்த நாட்டின் அரச ஊக்கமருந்துத் திட்டம் பிற்காலத்தில் ஆவணங்களோடு வெளியே வந்தது. அந்தக் காலப் புள்ளிப் பட்டியல்களைப் பார்க்கும்போது அதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ரோமில் 1981இல் நடந்தபோது அங்கே ஓடுபாதையில் ஒன்பது தடங்கள் இருந்தன. ஒரு தடம் சும்மா கிடக்கிறதே என்று போட்டியை நடத்தும் இத்தாலியையும் ஒன்பதாவது அணியாகச் சேர்த்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டுக்காரர் தனக்கும் ஓர் இலை போட்டுக்கொண்ட மாதிரி. 1985இல் கன்பராவில் நடந்த உலகக் கிண்ணத்தில் கிழக்கு ஜெர்மனியின் மரீற்றா கோக் 400 மீற்றரை 47.60 செக்கனில் ஓடினார். நாற்பது வருடமாகியும் அந்த உலக சாதனை விழவில்லை. 2025இல் டோக்கியோவில் அமெரிக்க வீராங்கனை சிட்னி மக்லாக்லின் 47.78 வரை நெருங்கினார், அவ்வளவுதான். இடத்துக்கு மட்டுமே புள்ளி தருகிற ஒரு போட்டியில் பிறந்த நேரம் இது என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

2010இல் உலகக் கிண்ணம் கண்டங்களுக்கிடையிலான கிண்ணமானது. ஸ்பிளிற், மராகேஷ், ஒஸ்ட்ராவா என்று மூன்று நகரங்களில் மூன்று தடவை நடந்தது. ஆபிரிக்கா, அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா-பசிபிக் என்று நாலே அணிகள், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அணிக்கு இரண்டு பேர். 2018இல் ஒஸ்ட்ராவாவில் கடதாசி விளையாட்டு மாதிரி 'ஜோக்கர்' என்று ஒன்றையும் நுழைத்தார்கள். அணித் தலைவர் ஒருவரில் நம்பிக்கை வைத்து ஜோக்கரை இறக்கலாம், அவர் வென்றால் புள்ளி இரட்டிப்பு. நம் பக்கத்து ஆட்களும் அங்கே இருந்தார்கள். இந்தியாவின் அர்பிந்தர் சிங் முப்பாய்ச்சலில் மூன்றாம் இடம் பெற்றார். அப்போது இருபது வயதாகிய நீரஜ் சோப்ரா ஈட்டி எறிதலில் ஆறாவது. மூன்று வருடம் கழித்து ஒலிம்பிக் தங்கம் எடுக்கப் போகிறவர்.

அதோடு அந்தப் போட்டி நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்லலாம். என் காரணம் எளியது: ஆசியா-பசிபிக் என்று ஒரு கொடி எந்த வீட்டு மொட்டைமாடியிலும் பறப்பதில்லை. ஜப்பான்காரர் கோலைக் கத்தார்காரருக்குக் கொடுத்து, அவர் அவுஸ்திரேலியருக்குக் கொடுக்கும்போது நான் கொழும்பில் இருந்து யாருக்காகக் கத்துவது? இல்லப் பற்று என்பது ஒரு நிறத்தை வருடக்கணக்காகச் சட்டையில் குத்தித் திரிந்தால் வருவது. செயலகத்தில் எழுதிக் கொடுத்தால் வராது.

எல்லா அணிப் போட்டியிலும் அதிகம் எடுத்தவர்தான் வெல்வார் என்றும் நினைத்துவிட வேண்டாம். உலக நகர்வல ஓட்டச் சம்பியன்ஷிப்பில், அதாவது புல்தரை, மேடு பள்ளம் என்று ஓடும் 'குறொஸ் கன்றி'யில், தலைகீழ். அணிக்கு ஆறு பேர் வரை ஓடலாம்; முதலில் வரும் நாலு பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். குறைவாக இருப்பவருக்கே வெற்றி. 1, 2, 3, 4 கூட்டினால் 10. அதற்குக் கீழே போக முடியாது. 2017இல் கம்பாலாவில் கென்யப் பெண்கள் முதல் ஆறு இடத்தையும் எடுத்து அந்த 10ஐத் தொட்டுக் காட்டினார்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மகள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து 'இலங்கை அணி' என்று எழுதியிருந்தாள். காலத்தைக் குழப்பி, எல்லாத் தலைமுறையையும் ஒன்றாக்கி ஓர் அணி போடலாமா என்று கேட்டாள். தாராளமாகப் போடலாம், காசா பணமா? 400 மீற்றர் சட்டவேலிக்கு டங்கன் வைற், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி எடுத்தவர். 100 மீற்றருக்கு யுபுன் அபேகோன், 2022இல் 9.96 செக்கனில் ஓடித் தெற்காசியாவில் முதல் தடவையாகப் 10 செக்கனுக்குள் வந்தவர். பெண்கள் 200க்குச் சிட்னி ஒலிம்பிக் பதக்கக்காரி சுசந்திகா ஜயசிங்க. 400க்கு 1998 பாங்கொக் ஆசிய விளையாட்டில் தங்கம் எடுத்த தமயந்தி தர்ஷாவும் சுகத் திலகரத்னவும். உயரம் பாய்தலுக்கு யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் தங்கம் எடுத்தவர், இலங்கைக்கு ஆசிய விளையாட்டில் கிடைத்த முதல் தங்கம் அது.

பக்கத்தின் மேல் பாதி மின்னியது. கீழ்ப் பாதியில் சம்மட்டி எறிதல், கோலூன்றிப் பாய்தல், பரிதிவட்டம் வீசுதல் என்று எழுதி, பக்கத்தில் கோடு போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கும் சட்டென்று ஒரு பெயரும் வரவில்லை. அந்தக் கோடுகளுக்கு நேரே யாரையாவது நிறுத்தும் வரை மேலே உள்ளவர்கள் எத்தனை 8 எடுத்தாலும் பச்சை இல்லத்தின் கதைதான். ஜமேய்க்காவைக் குறுந்தூர ஓட்டங்களை வைத்தும், பாகிஸ்தானை 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் ஈட்டியை 92.97 மீற்றர் எறிந்த அர்ஷத் நதீமை வைத்தும் இதே மாதிரிப் பக்கம் போட்டுப் பாருங்கள். எத்தனை கோடு மிஞ்சுகிறது என்று தெரியும். ஜெர்மனி, போலந்து, இத்தாலி மாதிரி நாடுகள் இந்தப் போட்டிகளில் ஏன் மாறி மாறி வெல்கின்றன என்பதும் அப்போது விளங்கும். கடைசியாக 2023, 2025 இரண்டும் இத்தாலிக்கு.

"அப்பா, பரிதிவட்டம் எத்தினை கிலோ?"

"பொம்பிளையளுக்கு ஒரு கிலோ. ஏன்?"

"அடுத்த வருசம் எங்கட பிரிவில அதுக்கு ஆள் இல்லை. இந்த வருசம் வீசின அக்கா ஏ.எல். முடிச்சிட்டா."

எழுந்து குசினிக்குப் போனாள். சத்தத்தைக் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஒரு கிலோ சீனிப் பக்கெற்றை வலது உள்ளங்கையில் வைத்து, கையைப் பக்கவாட்டில் நீட்டி, அது எவ்வளவு பாரம் என்று ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி சீனி விலையைச் சொல்லிச் சத்தம் போட்டாள்.